கூட வேலை செய்பவளின் புருஷன்

சின்னவளின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தை நேரத்துக்கு மருந்து சாப்பிடுகிறார்களா?

நேற்று எங்கள் ஓட்டல் சமையலறையில் ஒரு விருந்துக்காக, பாஸ்தாவையும் தக்காளிச் சாற்றில் புரட்டிய கறி உருண்டையையும் மாற்றி மாற்றிக் குச்சியில் கோத்தோம். சுலபமான வேலைதான். ஆனால் நான் வேகவைத்த பாஸ்தா குழைந்துபோய்க் குச்சியில் நிற்காமல் கிழிந்தது. கூட வேலை செய்யும் இளையவள், "கொஞ்சம் முன்னாடியே இறக்கிடணும்க்கா" என்றாள். அவள் கோத்தவை அச்சில் வார்த்த மாதிரி நின்றன. பெரிய சமையல்காரர் அவளை மட்டும் பாராட்டினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் அவளைக் கூட்டிப்போக அவள் புருஷன் பின்வாசலுக்கு வந்தார். மிஞ்சிய குச்சி ஒன்றை அவரிடம் நீட்டினாள். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டு, முதல் உருண்டையை அவள் வாயில் வைத்தார் அந்த மனுஷர். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு, அதுக்குள்ள எங்க கிளம்பிட்டே?" என்று அவள்மேல் வள்ளென்று விழுந்தேன். அவர் உள்ளே வந்து, அவளோடு நின்று எல்லாவற்றையும் கழுவினார், என் பங்கையும் சேர்த்து! அதற்குப் பிறகு இன்னும் எரிந்தது. சிரிக்காதீர்கள்.

இங்கே குளிர் அதிகம். உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், போட்டிருந்தபடியே அனுப்புங்கள்.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
சின்னவளின் அம்மா