‘ஊசி’ என்று எழுதிய தையற்காரரின் மனு

அனுப்புநர்:
தையற்காரர்,
கடைவீதி, மணிக்கூண்டுக்கு எதிரே இருந்த கடை (இப்போது கடை இல்லை, மணிக்கூண்டு இருக்கிறது).
தற்போது: பள்ளிக்கூட முகாம், ஐந்தாம் வகுப்பு அறை, கரும்பலகைப் பக்கம்.

பெறுநர்:
தீ நிவாரண நன்கொடைகளைப் பிரித்து வழங்கும் சிறப்பு அதிகாரி அவர்கள்,
நகர மண்டபம்.

பொருள்: என் பெயரை நோயாளிகள் பட்டியலிலிருந்து எடுத்துத் தொழிலாளர் பட்டியலில் சேர்க்கவும், மண்டபத்தில் மீதமிருக்கும் ஒரு தையல் மிஷினை வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பாமல் நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த ஊரில் முப்பத்தோரு ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன். பாதி ஊரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். கடைவீதியில் தீ பிடித்தது பிற்பகல் இரண்டரை மணிக்கு. என் கடைக்கு வந்து சேர்ந்தபோது நாலு இருக்கும். நானும் என் மனைவியும் வெளியே ஓடிவந்து நின்ற பிறகுதான் கழுத்தில் அளவு டேப் தொங்குவதைக் கவனித்தேன். மிஞ்சிய தொழில் கருவி அது ஒன்றுதான். வாடிக்கையாளர்களின் துணி இருபத்தாறு உருப்படி உள்ளே வெந்துபோயிற்று. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

2. முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து எங்களுக்காகத் துணியும் பாத்திரமும் கருவிகளும் திரட்டி லாரி லாரியாக அனுப்பிவைத்தவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த மனு அவர்கள்மீது சொல்லும் குறை அல்ல. வெளியூர்த் தையற்காரர் சங்கம் ஒன்று பன்னிரண்டு மிஷின்கள் அனுப்பியிருக்கிறது. அவர்கள் தங்களுக்குள் வசூல் செய்து வாங்கியவை என்று கேள்விப்பட்டேன்.

3. தீ பிடித்த மூன்றாம் நாள் எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் தொழில் என்ன என்று கேட்கும் கட்டம் இல்லை. எல்லார் தொழிலும் எரிந்துவிட்டதால் தேவைப்படாது என்று விட்டிருக்கலாம். ஒன்பதாவது கட்டத்தில் ‘உடனடித் தேவை (ஒரே சொல்லில்)’ என்று இருந்தது. மிஷின் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவ்வளவு பெரிய பொருளை வாய்விட்டுக் கேட்க எனக்குக் கை கூசியது. எங்கள் தொழிலில் ஊசி இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்ற எண்ணத்தில் ‘ஊசி’ என்று எழுதிவிட்டேன். தவறு என்னுடையது.

4. ஐந்தாம் வாரம் செவ்வாய்க்கிழமை செவிலியர் ஒருவர் பட்டியலோடு வந்து என் பெயரைக் கூப்பிட்டு ஊசி போட்டார். முகாமில் எல்லாருக்கும் போடுகிறார்கள் போலும் என்று கையை நீட்டினேன். அது சத்து ஊசியாம். மறு செவ்வாயும் வந்தார், போட்டார். மூன்றாம் செவ்வாய்தான், என் மனைவி பயந்துபோய் எனக்கு என்ன வியாதி என்று அவரிடம் கேட்டாள். “அதைத்தாம்மா நானும் கேக்கலாம்னு இருந்தேன். ஊசின்னு மட்டும்தான் எழுதியிருக்கு” என்றார் அவர். விஷயம் தெரிந்ததும் மருந்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தீக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஆகையால் அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

5. அன்றே தங்கள் அலுவலகத்துக்கு வந்து எழுத்தரிடம் முறையிட்டேன். “ஊசின்னா ஊசிதானேங்க? நீங்க எழுதினதைத்தான் நாங்க ஏத்தினோம். ஒருத்தர் பேரு ஒரு பட்டியல்லதான் இருக்கலாம். மாத்தணும்னா பெரியவருக்கு மனு குடுங்க” என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேசைக்குப் பின்னால் உறை போட்டபடி பன்னிரண்டாவது மிஷின் நின்றது. மற்ற பதினொன்றும் ‘மிஷின்’ என்று எழுதியவர்களுக்குப் போய்விட்டன. பட்டியலில் ஆள் இல்லாததால் இது ‘தேவைப்படாதது’ என்று சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த ஆள் நான்தான்.

6. அதே சீட்டை மண்டபத்தில் குவிந்திருக்கும் துணி மூட்டைகளிலும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை லாரியில் அவையும் திரும்பிப் போகின்றன. ‘மக்கள் ஆர்வம் காட்டவில்லை’ என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஐயா, ஆர்வம் இல்லாமல் இல்லை. மக்கள் வருகிறார்கள், எடுக்கிறார்கள், உடம்பில் வைத்துப் பார்க்கிறார்கள், மடித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். கொடுத்தவர்கள் வாட்டசாட்டமானவர்கள். எங்கள் ஆட்களுக்கோ இந்த ஒன்றரை மாதத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. என் மனப்பாட அளவுகளே இப்போது பொய். எங்கள் அறையில் பேக்கரிக்காரர் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். இலவசமாக வந்த துணியை அளவு சரியில்லை என்று சொன்னால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோம் என்று யாரும் தங்களிடம் சொல்லவில்லை.

7. என் மனைவிக்குக் கிடைத்த சட்டையில் இன்னொருவர் நுழையலாம். முதுகில் நான்கு, தோளில் இரண்டு என ஆறு ஊக்குகள் குத்தியிருக்கிறாள். தையற்காரன் மனைவி ஊக்கோடு நிற்பதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருக்கிறது. கையூசி ஒன்றை இரவல் வாங்கி வந்து, சட்டையைப் பிடித்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “இங்க எல்லாரும் தொளதொளன்னு நிக்கிறாங்க. எனக்கு மட்டும் சரியா இருந்தா நல்லாவா இருக்கும்? மொதல்ல அவங்களுக்குத் தைங்க, கடைசியா எனக்கு” என்று சொல்லிவிட்டாள். மண்டபம் நிறைய இருக்கும் துணியைக் கையூசியால் தைத்து முடிக்க என் ஆயுள் போதாது. மிஷின் இருந்தால் ஒரு நாளைக்கு முப்பது உருப்படி பிடித்துத் தருவேன்.

8. எனவே அந்த மிஷினை என்னிடம் ஒப்படைத்து, மண்டபத்தில் ஜன்னலோரம் எனக்கு ஓர் இடம் தந்து, துணி மூட்டைகளை மூன்று வாரம் நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கூலி வேண்டாம். வெந்துபோன இருபத்தாறு உருப்படிக்கு உரியவர்களை முதலில் கூப்பிட்டு, அவரவருக்கு ஒன்று தைத்துக் கொடுக்க அனுமதித்தால் அதுவே எனக்குப் போதும்.

இந்த முறை நிறையச் சொற்களில் எழுதியிருக்கிறேன். தங்கள் பதில் ஒரே சொல்லில் இருந்தாலும் சரியாகப் புரிந்துகொள்வேன்.

இடம்: பள்ளிக்கூட முகாம்
நாள்: புதன்கிழமை, தீ பிடித்து நாற்பத்தேழாம் நாள்

பணிவுடன்,
(கையொப்பம்)
தையற்காரர்

இணைப்பு: செவிலியர் எழுதித் தந்த சான்று – ‘இவருக்கு நோய் எதுவும் இல்லை. ஊசி கேட்டது தைப்பதற்கு.’

குறிப்பு: இத்தாள்களைக் கோத்திருக்கும் ஊக்கு என் மனைவியின் தோளிலிருந்து கழற்றியது. படித்து முடித்ததும் அதை எழுத்தரிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். அவள் ஒரு கையால் தோளைப் பிடித்தபடி மண்டப வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள்.