திட்டியது யார்?

இன்று காலை டையிங்கிலிருந்து சாயம் ஏற்றிய துணி வந்தது. உருளையைச் சுற்றியிருந்த பாலிதீனைக் கிழித்ததும் அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைப்புதான். ஒரு முழம் உருவிக்கொண்டு வாசல் வெயிலுக்கு ஓடுவாயே, நிறம் பார்க்க! நானும் இன்று வாசலுக்குப் போனேன். போய் நின்றால் துணி எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? எரிச்சலோடு திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

செத்தவனுக்கு எதற்கு மடல் என்று கேட்பாய். கேட்பதற்கு நீ என்று ஒருவன் இருந்தால்தானே என்று நீயே சொல்லிச் சிரிக்கவும் செய்வாய். திருப்பூர் நல்லூரில் நாம் கூட்டாக நடத்திய இந்தத் தையல் யூனிட்டில் மத்தியானச் சோற்றுக்கு நமக்குத் தொட்டுக்கொள்ள இந்தச் சண்டைதானே இருந்தது.

எங்கோ போய்த் தியானம் கற்றுவிட்டு வந்ததிலிருந்து உனக்குப் புத்தர் பித்து. செல்போனில் மூளை விஞ்ஞானப் பேச்சுகளும் சேர்ந்துகொண்டன. "பாய், உள்ளார ஒருத்தன் உக்காந்து எல்லாத்தையும் நடத்தறான்னு நெனச்சுட்டு இருக்கறயே, அப்படி எவனும் இல்ல" என்பாய். எவனும் இல்லாமலா உனக்கு இப்படிப் பசிக்கிறது என்று கேட்பேன். நீ சோற்றைப் பிசைந்தபடி நம் தொழிலையே இழுப்பாய்.

"நூலு ஒருத்தன், நிட்டிங் ஒருத்தன், டையிங் ஒருத்தன், தையல் நாம. முழு பனியனையும் செஞ்சவன் திருப்பூர்லயே எவனும் கெடையாது. ஆனா வெளிநாட்டுக்காரன் வந்தா, ஆர்டர் புடிக்கற மெர்ச்சண்டைசர் டை கட்டிட்டு நின்னு, எல்லாம் நாங்கதான் பண்ணுனோம்பான். மண்டைக்குள்ளயும் அப்படி ஒரு மெர்ச்சண்டைசர்தான் பாய், நானு நானுன்னு பேசிட்டு இருக்கறான்."

மூளைக்காரர்கள் சொல்வதும் இதுதானாம். பார்க்க ஒரு பகுதி, பயப்பட ஒரு பகுதி, எல்லாம் தனித்தனியே வேலை செய்யும். முதலாளி அறை என்று ஒன்றை மட்டும் அங்கே காணோம். புத்தரும் உள்ளே தேடிப் பார்த்தார், உடம்பும் உணர்ச்சியும் எண்ணமும் வந்து வந்து போயின, சொந்தக்காரன் அகப்படவில்லை என்பாய். "இது புரிஞ்சா மனுசனுக்குப் பாதி துக்கம் போயிரும் பாய்." எனக்கோ ரத்தம் கொதிக்கும். ரூஹு, ஆன்மா என்று ஒன்று இல்லாமல் தொழுகையில் தலை தாழ்த்துகிறவன் யார்? மறுமையில் கேள்விக்கு நிற்கப்போவது உன் மெர்ச்சண்டைசரா? கத்துவேன். நீ உன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுச் சிரிப்பாய். உன்னை அறையலாம் போலிருக்கும்.

அப்புறம் உன் மூளையில் கட்டி வந்தது. அது தெரியவருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்தாய். ஒரே நீலம் என்றாலும், ஒரு தடவை சாயம் போட்டது ஒரு லாட், லாட்டுக்கு லாட் நிறம் துளி மாறும். அதற்காகத்தானே அந்த வாசல் ஓட்டமெல்லாம்! அப்படிப்பட்ட நீ, உடம்புக்கு ஒரு லாட்டும் கைக்கு வேறு லாட்டுமாக வெட்டக் கொடுத்துவிட்டாய். தைத்து முடித்த பனியன்களைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

பிறகு வாய் கெட்டது. பீகாரிலிருந்து வந்த பையன்களைக்கூட வாங்க போங்க என்றவன், பெற்ற பிள்ளைகள் முன்னால் உன் மனைவியைப் பார்த்து, "கலியாணம் பண்ணுன நாள்ல இருந்தே உன்னையக் கண்டா எனக்கு வெறுப்புத்தான்டி" என்றாய். நான் அங்கேதான் நின்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். முன்மூளையைக் கட்டி அழுத்துவதால் வருகிற பேச்சு அது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

உன் வருஷத் திதி முடிந்த மறுநாள் அவர் யூனிட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார்.

"ஏனுங்ணா, படத்துக்குப் பூ வெக்கப் போனா அந்தப் பேச்சுத்தானுங்க காதுல கேக்குது. கை வர மாட்டேங்குது. அன்னைக்குப் பேசுனது அவருங்களா?"

"அது அவனில்ல அம்மிணி. மூளையில இருந்த கட்டி" என்றேன் பட்டென்று.

அவர் என்னையே பார்த்தார். "அப்ப இத்தன வருசம் பாசமா இருந்தாரே, அதும் மூளைதானுங்களே? அது மட்டும் எப்படிங்ணா அவரு?"

யா அல்லா! இத்தனை காலம் உன்னோடு மல்லுக்கு நின்ற எனக்கு இது தோன்றவே இல்லை. உன் பக்கம் பேசினால் திட்டியவனும் இல்லை, பாசம் வைத்தவனும் இல்லை. அவருக்குப் புருஷனே இல்லை. உள்ளே ஒருவன் உண்டு என்று என் பக்கம் பேசினாலோ அந்தப் பேச்சும் உன் கணக்கில் ஏறிவிடும். பாதி துக்கம் போகும் என்றாயே, இங்கே வந்து இந்த அம்மாவுக்குச் சொல்லேன்! உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு.

அவரே மறுபடி பேசினார். "கடைசி நாளு ஆஸ்பத்திரில என்ர முந்தானையப் புடிச்சுட்டே இருந்தாருங்க. நர்ஸம்மா விரலப் பிரிச்சு உட்டும் மறுக்காப் புடிச்சாரு. அதாச்சும் அவருங்களா?"

அந்தக் கையைப் பற்றியும் டாக்டர் அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். முன்மூளை கெட்டால் பச்சைக் குழந்தைக்குப் போலத்தான், உள்ளங்கையில் பட்டது எதுவானாலும் விரல் மூடிக்கொள்ளும்; போர்வை பட்டால் போர்வையைப் பிடித்திருக்கும். மனசுக்கு அதில் வேலை இல்லை என்றார். உன் மனைவிக்கு இது தெரியாது.

"அது அவன்தான் அம்மிணி" என்றேன். "அல்லா மேல சத்தியமா அவன்தான்."

அவர் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்தில் மல்லிகை இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியை எடுக்கும்போதே நான் செய்த அந்தச் சத்தியமும் பின்னால் ஏறிக்கொண்டது. இன்றும் ஒரு வேலை ஓடவில்லை. நீ சொன்னதே சரியாக இருக்கட்டும். உள்ளே எத்தனை தேடினாலும் எவனும் அகப்படாமலே போகட்டும். படைத்தவன் முன்னால் அந்தச் சத்தியத்துக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள் நான்தான்.