சைக்கிளைக் கொடுத்தவளுக்கு

என் தங்கக்குட்டிக்கு,

நேத்து ஜீலாங்ல நடந்த உன் சைக்கிள் ரேஸை நானும் உங்கப்பாவும் நம்ம ஹோம்புஷ் வீட்ல உட்கார்ந்து டிவியில முழுசா பார்த்தோம். உங்க டீம் கேப்டனுக்கு டயர் பஞ்சர் ஆனதும், நீ இறங்கி உன் சைக்கிளையே அவகிட்ட கொடுத்தியே, அப்போ உங்கப்பா சோபாவை விட்டு எழுந்துட்டார். "முன்னாடி போயிட்டிருந்தவ, இப்படியா தூக்கிக் கொடுப்பா?"ன்னு ஒரே கத்தல். கேப்டனை ஜெயிக்க வைக்கிறதுதான் டீம்ல உன் வேலைன்னு நீ எத்தனை தடவை சொல்லியிருக்கே! அவருக்கு ஏறவே இல்லை.

கேமரா கேப்டன் பின்னாடியே போயிடுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு நொடி, ரோட்டோரத்துல பஞ்சரான சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நீ சிரிச்சதைப் பார்த்தேன்.

கடைசி தோசையை உங்க தட்டுல போட்டுட்டு, "எனக்குப் பசிக்கலை"ன்னு சொல்றப்ப நான் சிரிக்கிற சிரிப்பு அது.

உங்க கேப்டன்தான் ஜெயிச்சா. பெருமையாத்தான் இருந்தது. ஆனாலும் அப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடலை.

இன்னிக்குக் காலையில முதல் தோசையை நானே தட்டுல போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். உங்கப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அடுப்புகிட்ட போய் அடுத்ததை ஊத்தினார். வட்டமா வரலை.

சூடான தோசைக்குத் தனி ருசி இருக்கு, கண்ணு. நீயும் ஒரு தடவையாவது உனக்குன்னு ஓட்டு.

உன் அம்மா