பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே எண்

இன்று காலை பல் துலக்குவதற்கு முன்பே உங்கள் போனை சார்ஜில் போட்டேன், டீச்சர். இப்போதெல்லாம் அது அரை நாள்கூடத் தாங்குவதில்லை. உறையைக் கழற்றினால் உள்ளே இன்னும் சாக்பீஸ் தூள் இருக்கிறது. திரையில் வெளிச்சம் வந்ததும் ஒரு குறுஞ்செய்தி: பள்ளிக் கணக்கில் எண்ணை மாற்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதினெட்டில் பதினேழு பேர் மாற்றிவிட்டார்கள். மிச்சம் இருப்பது பவித்ரா மட்டும்.

நம் பள்ளியில் பிள்ளைகளுக்கு இணையக் கணக்கு தொடங்கிய வருடத்தை நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கைபேசி எண் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் அவற்றைப் பதியும் வேலை என்னுடையது. உங்கள் வகுப்புப் பட்டியலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள். பதினெட்டுப் பெயர்களுக்கு நேராக ஒரே எண்.

"இது உங்க நம்பராச்சே, டீச்சர்."

"இதுங்க வீட்டு போன் அப்பன் பாக்கெட்ல இருக்கும். அப்பன் தறி ஷெட்ல இருப்பான். ஆஃபர் வந்தா சிம்மை மாத்திடறானுங்க. எதை எழுதறது? போடும்மா."

கணினியும் மறுக்கவில்லை. போட்டேன்.

அதற்குப் பிறகு யார் கடவுச்சொல்லை மறந்தாலும் ஓடிபி உங்களுக்குத்தான் வந்தது. "மிஸ், நம்பர் வந்துச்சா?" என்று கேட்காத நாளில்லை. ஆசிரியர் ஓய்வறையில் உங்களுக்கு ஓடிபி டீச்சர் என்றே பெயராகிவிட்டது. கலசப்பாக்கத்தில் உங்கள் தம்பி மகள் கல்யாணப் பந்தியில், வலது கை சோற்றில் இருக்க, இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "நாலு, ஏழு, மறுபடி ஏழு... முடிஞ்சி போச்சா? இன்னொண்ணு அனுப்பச் சொல்லு, ஜல்தி" என்று சத்தமாகச் சொன்னீர்கள். பந்தியே திரும்பிப் பார்த்தது.

"பேஜாரா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பேஜாருதான். அதுக்காக?" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி பறித்தீர்கள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அந்த மதியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். இவ்வளவு நாள் மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன், அதைத் தவிர. உங்கள் கணவர் சாப்பிடப் போயிருந்தார். ஊசி போட்டதில் உங்களுக்குக் கண் சொருகியது. போனை என் கையில் கொடுத்து, "யாராவது கேட்டா சொல்லிடும்மா" என்றீர்கள். தூங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, அது அடித்தது. பவித்ரா. நீங்கள் புருவத்தைச் சுருக்கினீர்கள். இங்கேயுமா என்று எனக்குக் கோபம் வந்தது. அழைப்பை எடுத்து என்னவென்றுகூடக் கேட்கவில்லை. போனை அணைத்து என் பைக்குள் போட்டேன்.

சாயங்காலம் போனை மறுபடி போட்டபோது நான்கு ஓடிபிகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு, அவள் ஒன்பது முறை அழைத்திருந்த தகவல். எல்லாவற்றையும் அழித்தேன். நீங்கள் கண் விழித்து, "யாரும் கேக்கலியா?" என்றீர்கள்.

"யாரும் கேக்கலை."

"அப்பாடா. தானே செய்யக் கத்துக்கினாங்க போல" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு நினைவிருக்கும் உங்கள் கடைசிச் சிரிப்பு அது. அந்த வாரமே போய்விட்டீர்கள்.

அன்றுதான் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. மதிப்பெண் சான்று அவளுடைய பள்ளிக் கணக்கில் இருந்தது. தேவிகாபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்துகொண்டு மதியம் முழுக்க உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். ஓடிபி கிடைக்காமல் விண்ணப்பம் போடவே முடியவில்லை. உங்கள் அடக்கத்துக்கு வந்தவள் கல்லறை வாசலில் என் பக்கத்தில் நின்றாள். அவள் அம்மா, "டீச்சரு போனு ஆஃப்ல இருந்துச்சாம். பாவம், அவங்களே அப்படிக் கெடந்தாங்க, அவங்களைச் சொல்லி என்னா" என்றாள். பவித்ரா சொன்னாள்:

"மிஸ் எப்பவும் ஆஃப் பண்ண மாட்டாங்க. நான் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன் போல."

நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அதை மட்டும்தான் செய்தேன், டீச்சர்.

இந்த மாதம் எல்லாம் மாறுகிறது. ஒரு எண்ணுக்கு ஒரு பிள்ளைதான் என்று உத்தரவு. படித்து முடித்துப் போனவர்களுக்கும் அப்படித்தான். மாற்றாத கணக்குகளை மூடிவிடுவார்கள். மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும் என்பதால் உங்கள் கணவர் இந்தப் போனை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரிடம் எண் கேட்டேன். "என் நம்பரா? எனக்கு நானே கால் பண்ணதில்லியே, மேடம்" என்றார். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது.

பவித்ராவுக்கு இரண்டு முறை தகவல் அனுப்பினோம். வரவில்லை. கடைத்தெருவில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். விரித்துக் காட்டிய புடவைகளை மடித்து வைக்கும் வேலை. நான் அந்த வழியாகப் போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் அவளோடு படித்த பெண் ஒருத்தி அலுவலகத்துக்கு வந்தபோது விசாரித்தேன். "காலேஜ்ல இந்த வருஷமும் அப்ளிகேஷன் குடுக்கறாங்கன்னு அவகிட்ட சொன்னேன் மேடம். இன்னொருத்தரைத் தொந்தரவு பண்ண மாட்டேங்கறா" என்றாள்.

அவளுக்குப் போனது ஒரு வருடம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உதவி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவள் தொந்தரவு அலுத்துப்போய் நீங்களே போனை அணைத்துவிட்டதாக நினைக்கிறாள். உங்களைப் பற்றி அவளிடம் இருக்கும் கடைசி நினைவு, நீங்கள் செய்யாத ஒரு காரியம். அதைச் செய்தது என் விரல்.

நாளை வியாழக்கிழமை. மதியம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பின்கட்டில் உட்காருவார்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன். அரை நாள் விடுப்பு எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டிருக்கிறேன். கணக்கு, எண், கடைசித் தேதி எதையும் முதலில் பேசப்போவதில்லை. அன்று நீ கூப்பிட்டபோது மிஸ் தூங்கிக்கொண்டிருந்தார்கள், போனை அணைத்தது நான் என்று சொல்லப்போகிறேன். இதை இதுவரை உங்கள் கணவரிடமும் சொல்லவில்லை, என் வீட்டிலும் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாலும், நான் சொன்னதை அவள் காதால் கேட்ட பிறகுதான் நான் அங்கிருந்து கிளம்புவேன்.