மணலில் ஓடியவளின் பெயரில் ஒரு கோப்பை

என் செல்ல மல்லிகா,

உன் பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள். சிரிக்காதே. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் கழித்து, செங்கல்பட்டுக் கூடைப்பந்துக் குழுவுக்கு உன்மேல் பாசம் பொங்கிவிட்டது.

அதை என் கையால் கொடுக்க வேண்டுமாம். கேட்டு வந்தவர் யார் தெரியுமா? உன்னை இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்த அதே கோச். "ஓடினா கை நடுங்கும்மா. ஷூட்டிங்குன்றது கைவேலை" என்று நாற்காலியில் சாய்ந்து வடை தின்றபடி பாடம் நடத்திய மேதை. அவர் ஆள் எடுக்கும் முறை நினைவிருக்கிறதா? சாயங்கால நிழலில், நின்ற இடத்தில் பத்துப் பந்து. மூச்சு வாங்காதபோது யாருக்குத்தான் விழாது? பிற்பாதி ஆட்டத்தில் அவருடைய செல்லங்களின் பந்து வளையத்தைத் தொடாது. அதற்குக் காற்றைத் திட்டுவார்.

நீ ஞாயிறுதோறும் மாமல்லபுரத்துச் சித்தி வீட்டுக்குப் போய் மணலில் ஓடினாய். வலை உலர்த்திய ஒருவர், "இன்னா பாப்பா, போலீஸ் தொரத்துதா?" என்றார். "கோச்சு தொரத்துறாரு அண்ணாத்த, டீமை வுட்டே!" என்றாய். "களைச்சப்புறமும் காலு தாங்கினாதான்க்கா பந்து மேல போவும்" என்று என்னிடமும் சொன்னாய். புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் கேட்ட முட்டாள் நான்.

போன சனிக்கிழமை, சிறந்த ஷூட்டருக்கான போட்டி. மறுபடியும் நின்ற இடத்தில் பத்துப் பந்து! மைக்கில் கோச், "மல்லிகாவ ஓட வெச்சதே நான்தான்" என்றார். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுந்துவிட்டேன்.

"அப்போ இவங்களையும் ஓட வைங்க சார். பத்து சுத்து. மூச்சு வாங்கினு இருக்கும்போதே எறியட்டும். இல்லன்னா கோப்பைய நான் தொடமாட்டேன்."

சொன்ன பொய்யை எப்படி விழுங்குவார்? விசில் ஊதினார்.

செல்லங்களில் ஒருத்தி ஆறாவது சுற்றில் உட்கார்ந்தாள். மற்றவர்களின் பந்து வளையத்துக்கு ஒரு முழம் கீழேயே போயிற்று. உனக்குப் பின் அந்தப் பெஞ்சுக்கு வந்த சதுரங்கப்பட்டினத்து வசந்தா, மீன்கூடை சுமந்து நடந்த கால்களோடு, பத்தில் ஏழு போட்டாள். கோச் மைக்கைப் பிடித்தார்: "நான் அப்பவே சொன்னேன்!" இந்த மனுஷனுக்கு வெட்கம் எந்த உறுப்பில் இருக்கும், மல்லிகா?

கோப்பையைக் கொடுக்கும்போது, "இனிமேலும் ஓடுவியா?" என்று கேட்டேன்.

"தனியா ஓடினா நக்கல் பண்றாங்கக்கா. தொணைக்கு யாராச்சும் வந்தா ஓடுறேன்."

வருகிற ஞாயிறு விடியலில், முதல் பஸ் பிடித்து வசந்தாவின் ஊர்க் கடற்கரைக்குப் போகிறேன். உன் கான்வாஸ் ஷூ எனக்குச் சிறியது, வெறுங்காலோடு ஓடுவேன். நூறு அடியில் எனக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் நிற்கமாட்டேன்.

புத்தகத்திலிருந்து தாமதமாகத் தலை தூக்கிய
உன் அக்கா