பூட்ஸ் கடை வாசலில்

அன்புள்ள அப்பா,

சனிக்கிழமை நீங்கள் பிடிபட்ட அதே பூட்ஸ் கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்கினேன். மூன்றாவது குற்றம் சின்னத் திருட்டாக இருந்தால் ஆயுள் சிறை கூடாது என்று கலிஃபோர்னியா மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தக் கேட்கும் மனு அது. பத்தொன்பது வயதில் நீங்கள் இரண்டு வீடுகளில் திருடியதையும் மறைக்காமல் சொன்னேன். அவை இரண்டோடு சேர்த்து இந்தக் கடைத் திருட்டை மூன்றாவதாக எண்ணித்தான் உங்களுக்கு ஆயுள் என்றும் சொன்னேன்.

"திருடனுக்கு வக்காலத்தா?" என்றார் ஒரு பெண்மணி.

பிறகு உங்களைப் பிடித்துக்கொடுத்த கடைக் காவலாளி அர்மென்டா வந்தார். விரட்டுவார் என்று பயந்தேன்.

"நீ கிரனாடோஸ் பொண்ணுதானே? அப்பா இப்ப எங்க வேல பாக்கறாரு?"

இன்னும் சிறையில்தான், இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் பரோலே கேட்க முடியும் என்றேன்.

"ஒரு ஜோடி பூட்ஸுக்கா? அதுவும் தள்ளுபடி பூட்ஸு! ரெண்டு மாசத்துல விட்டிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்."

பேனாவைப் பிடுங்கினார். நான் தடுத்தேன். வாக்காளராகப் பதியாதவர் கையெழுத்து செல்லாது. அவர் பதிந்ததே இல்லையாம்.

"அப்ப பேரு பதியற ஃபாரத்தக் குடும்மா."

என் புத்தகப்பை மேல் வைத்து முதலில் அதை நிரப்பினார். அப்புறம் மனுவில் கையெழுத்திட்டார். அதுவரை யாருமே அவரிடம் தண்டனையைச் சொல்லவில்லையாம்.

பள்ளி முடிக்கும் விழாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இருக்கை தருவார்கள். ஒன்று உங்களுக்கு. எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அப்பா. அவசரமில்லை.

உங்கள் புத்தகப் புழு