அம்மாவின் பழுப்புக் கோட்டு

அன்பு மகள் காரினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாய்கள் இரண்டும் இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். இங்கே சாலையோரப் பனி கறுத்துவிட்டது, கூரை பகலெல்லாம் சொட்டுகிறது, ஏரியின் பனிக்கட்டி மட்டும் இன்னும் உடையவில்லை. பாதிரியார் போன் செய்தார், மேல் மண் இளகினாலும் அடியில் இன்னும் கல்லாகத்தான் இருக்கிறதாம், மே நடுவில்தான் குழி வெட்ட முடியுமாம். அதுவரை உன் அம்மா கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில்தான், குளிர்காலத்தில் போன மற்றவர்களோடு. கடையில் வரிசையில் நிற்கவே பொறுமை இல்லாதவள், இதற்கு மட்டும் மாதக்கணக்கில் காத்திருக்கிறாள். ஜனவரியில் அம்மா போனபோது புயலால் விமானம் நின்று நீ வர முடியாமல் போனதை நினைத்து இன்னும் அழுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அழாதே, அடக்கத்துக்கு நீ இருப்பாய்.

அப்போது போனில் ஒன்று கேட்டாய், அம்மாவோட பழுப்புக் கோட்டைத் துவைச்சிடாதீங்கப்பா, நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று. நானும் சரி என்றேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், போனில் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் பாதியில் நின்றுவிடும். நாய்களோடு எனக்கு அவ்வளவாக ஒட்டாது என்று உனக்குத் தெரியும். பக் யார் பிஸ்கட் கொடுத்தாலும் அவர்களுடைய நாய், ஜூனி உன் அம்மாவுக்கு மட்டும்தான் நாய். குளிர்காலம் முழுக்க அது கதவருகே அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடந்தது, நான் கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். ஆண்டுதோறும் ஏப்ரலில் உன் அம்மா இரண்டையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இருக்கும் பீவர் குளம் வரை நடந்துபோவாளே, மான்கள் உதிர்த்த கொம்பு பொறுக்க. இந்த ஆண்டும் யாராவது கூட்டிப்போக வேண்டும் அல்லவா, நான் போனேன். அவள் விடியும்போதே கிளம்பி வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவாள், இரவில் உறைந்த பனியின் மேல் ஓடு அதுவரைதான் ஆளைத் தாங்கும். எனக்கும் தெரியாததல்ல, இந்தக் காட்டிலேயே பிறந்தவன். ஆனாலும் இரண்டாவது காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் முடித்துவிட்டு ஆடி அசைந்து கிளம்பினேன். போகும்போது நன்றாகத்தான் இருந்தது, பக் ஒரு கொம்பைக்கூடக் கண்டுபிடித்துக் கவ்விக்கொண்டு ராஜா மாதிரி முன்னால் நடந்தது. குளத்தை அடைந்தபோது ஓடு இளகிவிட்டது, அடிக்கு அடி கால் தொடை வரை புதைந்தது. அம்மா உட்கார்ந்து ஃபிளாஸ்க் திறப்பாளே, அந்த விழுந்த பிர்ச் மரத்தை ஜூனி சுற்றிச் சுற்றி முகர்ந்தது, என்னைப் பார்த்தது, பிறகு பைன் மரங்களுக்குள் ஓடிவிட்டது. அவளைத் தேடித்தான். அதன் லேசான உடம்பைப் பனி தாங்கியது, நான் ஒரு காலை எடுப்பதற்குள் மறு கால் புதைய, நின்ற இடத்திலேயே தொண்டை கிழியக் கத்தினேன்.

தொலைந்த நாய்க்கு வேட்டைக்காரர்கள் செய்வதையே நானும் செய்தேன், போட்டிருந்த சட்டையைக் கழற்றி, மரம் வெட்டுகிறவர்களின் பழைய பாதை காட்டுக்குள் நுழையும் இடத்தில் விரித்துவிட்டு வந்தேன். வாசனை பிடித்து வந்து அதன்மேல் படுத்திருக்கும் என்று நம்பிக்கை. மறுநாள் சட்டை மட்டும் கிடந்தது. பக்கத்து வீட்டு வெர்ன் கரடி வேட்டைக்கு நாய் வைத்திருக்கிறானே, அவனிடம் போய்ச் சொன்னேன். ஏன்யா, அது ஒன்னையா தேடுது, ஒஞ் சட்டையப் போட்டு வச்சிருக்கே என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. ஒம் பொண்டாட்டி ஐலியோடது துவைக்காம ஏதாச்சும் இருந்தா அதக் கொண்டு போடு ரெய்னோ, ராத்திரிக்கு மழை வருது, கெழட்டு நாய் தாங்காது என்று மெதுவாகச் சொன்னான்.

காரின், அந்தக் கோட்டை நான் உனக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. தினமும் காலையில் காப்பி போடும் முன் அதன் கழுத்துப் பட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். விறகுப் புகை, அவள் கைக்குத் தடவும் தைலம், பையில் வைத்திருந்த நாய் பிஸ்கட், எல்லாம் சேர்ந்த வாசனை. இந்த வீட்டில் அவளில் மிச்சம் அவ்வளவுதான். மழையில் போட்டால் அது போய்விடும், போடாவிட்டால் ஜூனி போய்விடும். ஆணியிலிருந்து எடுத்தேன், திரும்ப மாட்டினேன். ஒரு துணிக்காக என் நாயைச் சாக விட்டுடுவீங்களோ என்று அவளே பின்னால் நின்று கேட்பது போல் இருந்தது. சட்டை கிடந்த அதே இடத்தில் கொண்டுபோய் விரித்தேன். இரவெல்லாம் கூரைமேல் மழை கேட்டது, விடிந்ததும் போனேன். ஜூனி கோட்டின்மேல் சுருண்டு கிடந்தது, காதெல்லாம் கீறல், உடம்பெல்லாம் நடுக்கம், ஆனால் உயிரோடு. நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன், ஜனவரியில் அழாததையும் சேர்த்து. கோட்டின் கழுத்துப் பட்டையை முகர்ந்து பார்த்தேன், ஈர நாய் வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. உன்னிடம் சொன்னபடி நான் துவைக்கவில்லை மகளே, மழை துவைத்துவிட்டது. கோபம் வந்தால் கோபித்துக்கொள்.

ஜூனி எழ மறுத்தது, கோட்டை இழுத்தால் பல்லால் பிடித்துக்கொண்டது. கெஞ்சிக் கூத்தாடி உருவி, சொட்டச் சொட்ட அதை நானே மாட்டிக்கொண்டேன், தோளில் பிடித்தது, பொத்தான் போட வரவில்லை. நடந்தேன். ஜூனி எழுந்து, அம்மாவின் பின்னால் வருவது போலவே, என் காலை மூக்கால் தொட்டுக்கொண்டே வந்தது. எனக்குத் தெரியாத வாசனை அதற்கு இன்னும் இருக்கிறது போலும். வீடு வந்து சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை, திரும்பினால் நான்தான் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

கோட்டு அதே ஆணியில் காய்கிறது, ஜூனி அதே இடத்தில் படுத்திருக்கிறது. நீ வந்து அதனிடம் கேட்டு எடுத்துக்கொள், எனக்குத் தைரியம் இல்லை. வரும்போது ரப்பர் பூட்ஸ் கொண்டு வா, கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறாக இருக்கும். வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா ரெய்னோ